மூக்கு திரும்பிய மலை

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களே, கொஞ்சம் எழுந்து போய் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். எழுந்திருக்க முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளை அனுப்புங்கள். அதுகளும் கைப்பேசியை விட்டுத் தலையைத் தூக்கினதாக இருக்கட்டும். திருப்பதியில் மொட்டை போட்ட கையோடு குடும்பமாக நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மாட்டியிருக்கும். நம் தலைமுறையில் அது இல்லாத வீடு ஏது? படத்தில் நிற்கிறவர்களை விடுங்கள். பின்னால் தொங்கும் திரையைப் பாருங்கள். அதில் ஓர் ஏரியும் மூக்கு வைத்த ஒரு மலையும் இருந்தால், அது நான் பத்து வயதில் போட்ட படம்.

இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. "அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வயதானது உண்மைதான். அதற்காக நான் மலை போட்டது பொய்யாகிவிடுமா? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்துக் கிராமங்களை மெட்ராஸோடு சேர்ப்பதா, ஆந்திராவிலேயே விடுவதா என்பது முடிவாகவில்லை. எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில். வீட்டில் தமிழ் பேசுவோம், சந்தையில் தெலுங்கு பேசுவோம், சண்டை வந்தால் இரண்டையும் பேசுவோம். எல்லைக்காரர்கள் வரப்போகிறார்கள், வந்து பார்த்துக் கோடு போடப்போகிறார்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. அந்த எல்லைக்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. பின்னால் நடந்த குளறுபடிக்கெல்லாம் அதுதான் காரணம்.

சித்தப்பா, அதாவது என் நைனாவின் தம்பி, திருப்பதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருட்டறை வேலை பார்த்தார். முன்னால் முதலாளி படம் எடுப்பார். பின்னால் சிவப்பு விளக்கில் சித்தப்பா ஃபிலிமைக் கழுவுவார். ஊருக்கு வந்தால் அவர் கையில் புளித்த காடி வாசனை அடிக்கும். அம்மா அவருக்குச் சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே போடுவாள்.

"பட்டப்பகல்ல இருட்டுல குந்திக்கினு கெடக்கறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்பார் நைனா. "நம்ம கொல்லியில வேர்க்கடலை பிடுங்க ஆள் இல்லாம கெடக்குது. இவரு அங்க மொட்டைத் தலையக் கழுவிக்கினு கீறாரு."

நைனா சொன்னதில் தப்பில்லை. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் எல்லாம் மலையேறி மொட்டை போட்டு இறங்கியவர்கள். சித்தப்பா ஒரு நாளைக்கு அறுபது மொட்டைகள் கழுவுவார். கனவிலும் மொட்டைதான் வருகிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவருக்கு ஆசை வேறு: ஆளே இல்லாத படம். மலை, தண்ணீர், நாரை, அவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆளே இல்லை என்றால் அந்தப் படத்துக்கு யார் காசு கொடுப்பது என்றார்கள்.

அந்தத் தை மாதம் சித்தப்பா முதலாளியிடம் நேராகவே கேட்டுவிட்டார். கடை வாசலில் இருந்த கண்ணாடி அலமாரியில் மொட்டைப் படங்களாகவே இருப்பதால் எவரும் நின்று பார்ப்பதில்லை, நல்ல இயற்கைப் படம் ஒன்று வைத்தால் கூட்டம் நிற்கும் என்று வாதாடினார். முதலாளி யோசித்தார். பழைய பெட்டிக் கேமரா ஒன்றையும் ஒரு ரோல் ஃபிலிமையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"நாலு ஞாயித்துக்கெழமை உனக்கு லீவு. எட்டு படம். ஒண்ணாவது அலமாரில வெக்கற மாதிரி இருந்தா இனிமே கேமரா உன் கையில. இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கினு உங்க அண்ணங்கிட்டப் போ. நானு வேற பையனைப் பாத்துக்கறேன்."

இப்படித்தான் சித்தப்பாவின் பிழைப்பு எட்டுப் படங்களில் வந்து நின்றது.

எட்டே எட்டு. ஒன்றைக்கூட வீணாக்க முடியாது. அதற்குச் சித்தப்பா கண்டுபிடித்த வழி நான். முதலில் நான் நோட்டில் வரைய வேண்டும். வரைந்ததைப் பார்த்து, தேறும் என்று தோன்றினால் மட்டும் அவர் பொத்தானை அழுத்துவார். நகரியிலிருந்து ஒரு டிராயிங் நோட்டு வாங்கி வந்தார். ஸ்டுடியோவில் மங்கலாக விழுந்த முகங்களுக்குப் புருவம் எழுதும் பென்சில் ஒன்றையும் கொண்டுவந்தார். முனை ஊசிபோல் இருக்கும். அந்த மாதிரி பென்சில் அதற்குப் பிறகு என் கைக்கு வரவே இல்லை. எத்தனையோ கடையில் கேட்டுவிட்டேன்.

பெட்டிக் கேமரா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் தீப்பெட்டி அளவுக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். சித்தப்பா பெட்டியை ஒரு பாறைமேல் வைத்து, வெயில் கூசாமல் என் தலைக்கு மேல் தன் துண்டைப் போர்த்துவார். உள்ளே ஒரே வியர்வை வாசனை. அந்தக் குட்டிக் கண்ணாடியில் ஏரி மினுங்கும். அதை அப்படியே பெரிதாக்கி நோட்டில் போடுவேன்.

முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம். "சித்தப்பா, வெளிய பாத்தா பனமரம் இந்தாண்ட கீது. கண்ணாடியில அந்தாண்ட கீது."

"கண்ணாடி அப்படித்தான் காட்டும். நீ கண்ணாடிய பாத்தே போடு. அப்பதான் எனக்கு அளவு தெரியும்."

"தப்பாயிடாதா?"

"கழுவுனா எல்லாம் சரியாப் பூடும்."

ஃபிலிமைப் பற்றிச் சொன்னார். உலகத்தில் எல்லாவற்றையும் கழுவலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் போன இடம் எங்கள் ஊரிலிருந்து மூன்று மைல். ஊர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்; ஏரி ஊர் என்றே வைத்துக்கொள்வோம். தெற்குக் கரையில் நின்று பார்த்தால் இடது கைப் பக்கம், மேற்கில், மல்லாந்து படுத்த ஆளின் மூக்கு மாதிரி ஒரு மலை. வலது கைப் பக்கம், கிழக்கில், ஏரி ஊரும் அதன் கோயிலும். நடுவில் தண்ணீர். அந்த வருடம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்ததால் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கோடியில் வழிந்தது. எங்கிருந்தோ வந்த வெள்ளை நாரைகள் ஆழமில்லாத இடத்தில் ஒற்றைக் காலில் நின்றன.

முதல் ஞாயிறு ஒரு மீன்கொத்திக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். நான் அதை நீலமே இல்லாத பென்சிலால் நீலமாகத் தெரியும்படி போட்டிருந்தேன். சித்தப்பா நோட்டைப் பார்த்தார்.

"அழகா கீது. அந்தப் பாறையை மட்டும் அழிச்சிடு."

ரப்பர் போட்டு அழித்தேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பாறை அங்கேயே இருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கடைசியில் பாறையோடு சேர்த்தே எடுத்தார். பின்னால் ரோலை மொத்தமாகக் கழுவிப் பார்த்தபோது மீன்கொத்தி, அரிசியில் கிடக்கும் கல் அளவுக்கு விழுந்திருந்தது. ஒன்று போயிற்று.

இரண்டாவது ஞாயிறு ஏரி ஊர்க்காரர்கள் எங்களைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஆள் பெட்டியில் மலையைப் பார்க்கிறான், பக்கத்தில் ஒரு பெண் நோட்டில் எழுதுகிறது, இரண்டு பேரும் பேசாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கார் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இத்தனை பொழுது இருக்கும்?

முதலில் வந்தவள் எருமைக்கார அம்மா. ஆள் ஒல்லி, குரல் கனம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கொல்லியில் கூலிக்குப் போன குடும்பத்தில், சொந்தமாகத் துண்டு நிலமும் ஓர் எருமையும் முதன்முதலில் வாங்கியவள் அவள்தான். எருமையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"பாப்பா, நீதான் எழுதறவளா?"

"ஆமா."

"இவ்ளோ சின்னப் பொண்ணையா வேலைக்கு வெச்சிக்கினாங்க? சரி, கேளு. என் பொண்ணைக் குடுத்த ஊரு அந்த மலைக்கு அந்தாண்ட கீது. என் சம்பந்தியம்மா வாரத்துக்கு ரெண்டு வாட்டி எங்கூட்டுக்கு வந்து துன்னுட்டுத் துன்னுட்டு என் பொண்ணு சரியில்லைன்னு பேசிட்டுப் போறா. நடுவுல நல்லா கெட்டியா ஒரு கோடு போட்டுடும்மா. அவ அந்த ராஜ்யம், நானு இந்த ராஜ்யம். பேச்சே வேணாம்."

சித்தப்பா பதறிப் போய், நாங்கள் சர்க்கார் இல்லை, சும்மா படம் பிடிக்க வந்தவர்கள் என்றார்.

"தெரியும், தெரியும். சொல்லக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுக்கீறாங்க" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, மடியிலிருந்து நாலு கொய்யாப்பழத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். இதில் என் பங்குக் குற்றம் அந்தக் கொய்யாப்பழம்தான். அதற்குப் பிறகு நாங்கள் சர்க்கார் இல்லை என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு எடுத்த படத்தில் மலைக்கு முன்னால் ஓர் எருமையின் பின்பக்கம் விழுந்திருந்தது. இரண்டு.

மூன்றாவது ஞாயிறு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பாதி வழியில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம். எங்களை ஏற்றிவர ஏரி ஊரின் தலைவர், கிராம முன்சீப், அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று சித்தப்பா சொல்லச் சொல்ல வண்டிக்காரர் அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டார். எல்லைக்காரர்கள் முன்னால் தமிழ் மட்டும்தான் பேச வேண்டும் என்று முன்சீப் கட்டளை போட்டிருந்தார்போல. தெலுங்கில் ஒரு வார்த்தை விழுந்தாலும் ஊரை ஆந்திராவில் எழுதிவிடுவார்களாம். வண்டிக்காரர் அடக்கமாகச் சொன்னார்:

"போங்க. போங்க மாடுங்களா."

மாடு அசையவில்லை. வாலால் முதுகில் ஒரு ஈயை ஓட்டியது.

"கெளம்புங்க. நேரமாவுது."

ஊகும். அந்த மாடுகள் பிறந்ததிலிருந்து கேட்ட பாஷை ஒன்றுதான். வண்டிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய், வலது மாட்டின் காதுக்குள் வாயை வைத்து, பரம ரகசியமாக "பதரா நாயனா, பத பத" என்றார். மாடு பாய்ந்த பாய்ச்சலில் நான் வைக்கோலில் மல்லாந்து விழுந்தேன். சித்தப்பாவின் கட்டைவிரல் பொத்தானில் அழுந்தி 'டக்' என்றது. பின்னால் கழுவியபோது பாதி ஆகாயமும் பாதி ஜமக்காளமும் வந்தது. மூன்று.

அந்த வாரம் சித்தப்பா சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். நைனா அவருக்காக ஒரு புது மண்வெட்டிக்குப் பிடி போட்டு வைத்துவிட்டார். அதைக் கூடத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில், சாத்தி வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து எனக்கு அழுகை வரும். சித்தப்பா இங்கேயே வந்துவிட்டால் பென்சில் ஏது, நோட்டு ஏது?

நான்காவது ஞாயிறு. மிச்சம் ஐந்து படம்.

காலையிலேயே போய்விட்டோம். இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது: பனி முழுக்க விலகாத தண்ணீர், அதில் இருபது முப்பது நாரைகள், பின்னால் மூக்கு மலை. துண்டுக்குள் குனிந்து நான் போட்ட படங்களிலேயே அதுதான் உருப்படி. மலை, ஏரி, ஓரத்தில் கோயில், எல்லாம் கண்ணாடியில் தெரிந்தபடியே. சித்தப்பா நோட்டையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, "அச்சு அசலா அப்படியே கீது. இதுதான். அசையாம இரு. நாரை எவ்ளோ கிட்டக்க விடுதுன்னு பாத்துட்டு வரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

அவர் அந்தப் பக்கம் போக, முன்சீப் இந்தப் பக்கம் வந்தார். பின்னால் பத்துப் பேர்.

"எவரம்மா நுவ்வு?" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "யாரும்மா நீ? இன்னா எழுதிக்கீறே? காட்டு" என்றார்.

யாரும் கேட்காமலே படத்தைக் காட்டுகிற வயது அது. கேட்டால் விடுவேனா? நோட்டை விரித்து நீட்டினேன்.

முன்சீப் பார்த்தார். நிமிர்ந்து ஏரியைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. அந்த நாட்களில் ஊரெல்லாம் ஒரு வதந்தி: அந்த மலைதான் எல்லை, மலைக்குக் கிழக்கே மெட்ராஸ், மேற்கே ஆந்திரா. என் படத்திலோ மலை வலது பக்கம் நின்றது. கோயில் இடது பக்கம். ஏரி ஊர் முழுசாக மலைக்கு மேற்கே போய் உட்கார்ந்திருந்தது.

"ஊரைத் தூக்கி அந்தாண்ட வெச்சிட்டாங்கய்யா!"

அவ்வளவுதான். எங்கிருந்துதான் அத்தனை ஜனம் வந்ததோ. நாரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிப் பறந்தன. சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவை போவதைத்தான் பார்த்தார். கரையில் நடப்பதைப் பார்க்கவில்லை. ஓடி வந்தபோது முன்சீப் நோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரையும்விட எருமைக்கார அம்மாவுக்குத்தான் ஆத்திரம். கோடு கெட்டியாகப் போடச் சொல்லிக் கொய்யாப்பழம் கொடுத்தவள் அவள். இப்போது சம்பந்தியம்மாவும் அவளும் ஒரே ராஜ்யத்தில்.

"துன்னியே பாப்பா! நாலு பழம் துன்னியே!"

சித்தப்பாவுக்குப் பதற்றத்தில் வாயில் வந்தது எப்போதும் வருவதுதான். "பயப்படாதீங்க. கண்ணாடி மாத்திக் காட்டுது. கழுவுனா எல்லாம் சரியாப் பூடும்."

எருமைக்கார அம்மா அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்சீப் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். புடவை அலசுவதுபோல் நாலு அலசு அலசினாள். கரைக்குக் கொண்டுவந்து விரித்தாள். காகிதம் ஊறி உப்பியிருந்தது. அங்கங்கே சேறு. ஆனால் பென்சில் தண்ணீரில் போகுமா? மலை அதே இடத்தில் இருந்தது.

"கழுவிட்டேன். அப்படியே கீது" என்றாள்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்தத் தீப்பெட்டிக் கண்ணாடிதான். சித்தப்பா பெட்டியை முன்சீப் கையில் கொடுத்துக் குனிந்து பார்க்கச் சொன்னார். எருமைக்கார அம்மாவை எதிரே நிறுத்தி நடக்கச் சொன்னார். அவள் கிழக்கே நடந்தால் கண்ணாடியில் மேற்கே போனாள். மேற்கே நடந்தால் கிழக்கே. முன்சீப் வெகு நேரம் நிமிரவே இல்லை. பிறகு ஊர் முழுக்க வரிசையில் நின்று பார்த்தது. ஒருவர் இரண்டு தடவை வந்துவிட்டார் என்று சண்டைகூட நடந்தது.

"அப்ப இன்னாய்யா," என்றார் முன்சீப் மெதுவாக, "சர்க்காரும் இந்த மாதிரி பொட்டியிலதான் நம்மளப் பாத்துக்கினு கீதா?"

சித்தப்பா, தான் சர்க்கார் இல்லை என்பதை ஏழாவது முறையாகச் சொன்னார். இந்த முறை நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வழி விடவில்லை.

"பொட்டியை நம்ப முடியாது," என்றார் முன்சீப். "அதனால நாங்க ஒவ்வொருத்தரா வந்து நிக்கறோம். நீ அமுக்கும்போது எங்க ஊரு பேரைச் சொல்றோம். அப்ப எப்படி மாத்தும்?"

"படத்துல சத்தம் விழாதுங்க."

"அது உன் பொட்டியோட கோளாறு. நாங்க சொல்றதைச் சொல்லிடறோம்."

சித்தப்பா ஐந்து விரலைக் காட்டினார். ஐந்துதான் மிச்சம், அது தன் வேலை, தன் பிழைப்பு என்று சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். எருமைக்கார அம்மா ஈரப் புடவையோடு அவர் முன்னால் வந்து நின்றாள். அந்தக் கனமான குரல் அப்போது தணிந்திருந்தது.

"எந்தப் பக்கம் வேணும்னு எங்கள ஒருத்தரும் கேக்கல சாமி. நீயாவது கேட்டுட்டுப் போ."

சித்தப்பா பெட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சரி, நில்லும்மா. எந்த ஊரு?" என்றார்.

அவள் எருமையின் கழுத்தில் கையைப் போட்டு நிமிர்ந்து நின்று ஊர் பெயரைச் சொன்னாள். டக். அடுத்து முன்சீப். அடுத்து வண்டிக்காரர், இரண்டு மாடுகளோடு. அடுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து. கடைசியில் மொத்த ஊரும் கரையில் நின்று ஒரே குரலில் சொன்னபோது அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எட்டு முடிந்தது.

உப்பிய நோட்டைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்தோம். கோடியைத் தாண்டித் திரும்பினால், நாரைகள். பத்தடி தூரத்தில், வரிசையாக, சாயங்கால வெயிலில், எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றுகூட நகரவில்லை. பெட்டியில் ஃபிலிம் இல்லை. நோட்டில் காய்ந்த பக்கம் இல்லை. சித்தப்பா அப்படியே குந்திவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ பாத்துக்கினியா?"

"பாத்துக்கினேன் சித்தப்பா."

"போதும்."

அடுத்த வாரம் நைனா திருப்பதிக்குப் புறப்பட்டார், தம்பியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிவர. நானும் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன். அழுக்கு நோட்டைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன், எதற்கென்று தெரியாது. ஸ்டுடியோவில் பின்திரையாக ஓர் அரண்மனைப் படிக்கட்டு தொங்கியது, கிழிந்து ஒட்டுப்போட்டு. கிராமத்து ஜனங்கள் அதற்கு முன்னால் திருட வந்து மாட்டிக்கொண்டவர்கள்போல் நின்றார்கள். முதலாளி, "நவ்வண்டி! சிரிங்க! சிரிங்கய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் சித்தப்பா எட்டுப் படத்தையும் மேசையில் பரப்பினார். முதலாளி முதல் மூன்றையும் ஒதுக்கித் தள்ளினார். நைனா டிரங்குப் பெட்டியைத் தூக்கத் தயாரானார்.

"இதென்ன, எல்லார் வாயும் தெறந்துக்கினு கீது?" என்றார் முதலாளி, மிச்ச ஐந்தையும் பார்த்து.

"ஊர் பேர் சொல்றாங்க சார்."

முதலாளி எருமைக்கார அம்மாவின் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடு நேரம் பார்த்தார். "நானு இத்தினி வருஷமா சிரிங்க சிரிங்கன்னு கத்தறேன். வர்றவன் எல்லாம் எமனைப் பாத்த மாதிரி நிக்கறான். இந்தம்மா பாரு, அந்த ஏரியே தன்னுதுன்னு நிக்கறா" என்றார். அதை அலமாரியின் நடுவில் தன் கையாலேயே வைத்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நோட்டை எடுத்து நீட்டினேன். ஏரிச் சேறு காய்ந்து மலைக்குப் பின்னால் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது.

"ஷேடிங் யாரு கத்துக்குடுத்தாங்க?" என்று கேட்டார் முதலாளி.

எருமைக்கார அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா என் காலை மிதித்தார்.

அரண்மனைப் படிக்கட்டு இறங்கியது. ஒரு பெயிண்டர் வந்து என் படத்தைப் பத்தடித் துணியில் பெரிதாகப் போட்டார். சேற்றுத் திட்டையெல்லாம் மேகமாக்கினார். மலையை அது இருந்த தப்பான பக்கத்திலேயே வைத்தார். நான் சித்தப்பாவிடம் சொன்னேன். "விடு, இதைக் கழுவ முடியாது" என்றார். அதன் முன்னால் அவர் முதன்முதலில் எடுத்த படம் என் நைனாவுடையது. எங்கள் ஊர் பெயரைச் சொல்லச் சொன்னார். நைனா அதட்டுவதுபோல் சொன்னார்; படத்திலும் அப்படித்தான் இருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தார்.

நிஜமான எல்லைக்காரர்கள் வந்தார்களா, வந்தால் எந்தப் பெட்டியில் பார்த்தார்கள், எனக்குத் தெரியாது. கோடு வந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். வதந்தி சொன்ன மலைமேல் கோடு விழவே இல்லை. ஏரி ஊரும் ஆந்திரா, மலைக்கு அந்தாண்டை ஊரும் ஆந்திரா. என் படம்தான் பலித்தது என்று எருமைக்கார அம்மா கடைசிவரை நம்பினாள். சந்தையில் என்னைப் பார்த்தால், "நாலு பழம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

சித்தப்பா முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் திரைக்கு முன்னால் மொட்டைகளை, ஊர் பெயரைச் சொல்லச் சொல்லி, படம் எடுத்தார். நல்ல பெயர். நல்ல வரும்படி. எல்லாரும் அவரைக் கெட்டிக்காரர் என்றோம். ஆனால் நாரை என்ன ஆயிற்று என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் அந்த ஆசையை விட்டுவிட்டார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அவர் போன பிறகு அவர் வீட்டு அலமாரியில் அந்தப் பெட்டிக் கேமராவைத் தேடினேன். எந்தப் பழைய சாமான்காரனுக்குப் போட்டார்களோ, கிடைக்கவில்லை. கேட்காமல் விட்டதை இன்றைக்கு நினைத்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

போன ஆவணியில் பேரனுக்குப் பெண் பார்க்க வேலூர் போயிருந்தோம். கேசரி வந்தது, காப்பி வந்தது. சுவரைப் பார்த்தேன். ஏரி. மூக்கு மலை, தப்பான பக்கத்தில். அதற்கு முன்னால் ஒரு மொட்டைப் பெரியவர், அரைவாய் திறந்தபடி.

"எங்க மாமனாரோட நைனாங்க அது," என்றாள் பெண்ணின் அம்மா கூச்சத்தோடு. "படம் எடுக்கும்போது கொட்டாவி விட்டுட்டாரு. இறக்கிடலாம்னு பல வாட்டி பாத்தோம். மனசு வரல."

"அவருக்கு எந்த ஊரும்மா?"

"பலமனேர்ங்க. அங்க இப்ப எங்களுக்கு ஒருத்தரும் இல்ல."

நான் எழுந்து படத்துக்கு எதிரே போய் நின்றேன். "கொட்டாவி இல்லம்மா. இப்படிச் சொல்லிப் பாரு" என்று மெதுவாக, "பல..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை அப்படியே நிறுத்தினேன். அவர் வாயும் என் வாயும் ஒன்றாக இருந்தன. அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் சொல்லிப் பார்த்தாள். அவள் கணவர் வந்து சொன்னார். காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணும் வந்து சொன்னாள். பிள்ளை வீட்டார் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப் பார்க்க, அந்தக் குடும்பம் முழுக்கச் சுவருக்கு முன்னால் அரைவாய் திறந்து நின்று, பெரியவர் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டது.